டயரும் நடுப்பள்ளமும்

பொழியூர், தமிழக எல்லையை ஒட்டிய கேரளக் கடற்கரைச் சிற்றூர். இங்கு மீன் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் சக்கரம் பழுதானால், அன்றைய வருவாயும் தடைப்படும். ஆதலின் டயர் மாற்றும் முறையை வீட்டிலேயே கற்பது நன்று.

மாணவர்களே, முதல் முயற்சியில் பலர் தோற்பதுண்டு. காரணம் யாது? டயரின் ஓரத்தினுள் எஃகுக் கம்பி வளையம் உள்ளது, அது நீளாது. வலிந்து நெம்பினால் டியூப் கிழியும்.

சக்கர விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் உண்டு. காற்றை இறக்கியபின், டயரின் ஓரத்தை ஒருபுறம் அப்பள்ளத்தினுள் அழுத்துக. எதிர்ப்புறம் தளர்ந்து, நெம்புகோலுக்கு எளிதில் இணங்கும். உப்புக்காற்றால் விளிம்பு துருப்பிடித்து டயர் ஒட்டியிருப்பின், சோப்புநீர் இடுக. மீண்டும் மாட்டும்போது டியூபில் சிறிதளவு காற்று நிரப்புக. அது மடிந்து சிக்காது.

கிழிந்த டியூபை உடனே எறிய வேண்டா. நெம்புகோல் எங்கே தவறியது என்பதைக் கிழிசலே காட்டும்.