காணாமல் போன 25 எழுத்துகள்

சேலம் அம்மாபேட்டை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் 50 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சராசரிக் கணக்குப்படி, அவர்களில் இரண்டு பேருடைய டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் 25 எழுத்துகள் இருக்காது. அது அவர்களுக்கே தெரியாது. இந்தக் குறை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா மக்களிடம்தான் கண்டறியப்பட்டது.

டி.என்.ஏ. என்பது நான்கே வேதி எழுத்துகளால் ஆன நீண்ட குறிப்பு. ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். புத்தகமாக அச்சிட்டால் 10 லட்சம் பக்கம் வரும். அதில் 25 எழுத்து என்பது அரை வரிதான்.

ஆனால் அது இருக்க வேண்டிய இடம் முக்கியமானது. 11ஆம் குரோமோசோமில் எம்.ஒய்.பி.பி.சி.3 என்று ஒரு மரபணு உண்டு. நாளைக்கு ஏறத்தாழ லட்சம் முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு புரதத்தைச் செய்து தருவது இதன் வேலை. இதயத் தசையில் மயோசின் இழை, ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கும்போதுதான் சுருக்கம் நடக்கிறது. அந்த இழுப்பு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது இந்தப் புரதம். தன் வால் பகுதியால் மயோசினைப் பிடித்துக்கொண்டுதான் அது வேலை செய்கிறது.

விந்தை என்னவென்றால், காணாமல் போன 25 எழுத்துகள் புரதத்துக்கான குறிப்பிலேயே இல்லை. மரபணுவில் பொருள் தரும் துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர். இடையே வரும் நிரப்புப் பகுதி இன்ட்ரான். செல், நிரப்புப் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸான்களை வரிசையாக ஒட்டுகிறது. அம்மாபேட்டைப் பட்டுத்தறியில், எந்தப் பூ விழ வேண்டும் என்பதை ஓட்டைகளால் சொல்லும் ஜக்கார்டு அட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஓட்டை எல்லாம் சரி. இரண்டு அட்டைகளைக் கோத்திருக்கும் கயிற்றில்தான் பழுது. அதனால் ஓர் அட்டை விழாமல் தாண்டிப்போகிறது, கரையில் பூ மாறிவிடுகிறது. இங்கேயும் அப்படித்தான்: 32ஆவது இன்ட்ரானில் குறை, விடுபடுவது 33ஆவது எக்ஸான். புரதத்தின் வால் திரிந்துபோகிறது.

முதலில் 2003இல், இதயத் தசை தடித்த சில இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது இந்தக் குறை தென்பட்டது. குடும்பச் சொத்து என்று விட்டுவிடாமல், நாடு முழுக்கத் தேடினால் என்ன என்று கிளம்பியதுதான் அழகு. தேடியவர்களில் ஒருவர் பெருந்துறை எஸ். தண்டபாணி, சேலத்திலிருந்து கோவை போகும் வழியில் உள்ள அதே பெருந்துறை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் கே. தங்கராஜும் வேறு பலரும் சேர்ந்து, 800 இதய நோயாளிகளையும் நலமாக இருந்த 699 பேரையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் இந்தக் குறை பல மடங்கு அதிகம். 107 மக்கள் குழுக்களிடம் திரட்டிய 6,273 மாதிரிகளில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருந்தது. 2009இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது.

குறையின் வயது சுமார் 33,000 ஆண்டு என்று கணித்தார்கள். கெடுதல் செய்யும் மாற்றம் இத்தனை தலைமுறை எப்படித் தாங்கியது? நோய் பெரும்பாலும் நடுவயது தாண்டித்தான் தலைகாட்டும். அதற்குள் பிள்ளைகள் பிறந்து, குறையும் கைமாறியிருக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்து வந்த திருப்பம். குறை உள்ள பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்வது ஆய்வாளர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. 2018இல், அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்த சக்திவேல் சடையப்பன் குழு, இந்தக் குறை உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இரண்டாவது மாற்றமும் இருப்பதைக் காட்டியது. 2020இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு இன்னொரு மாற்றத்தைச் சுட்டியது. பல ஆயிரம் எழுத்து தள்ளி, வேறோர் இன்ட்ரானில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்து பொய்யான வெட்டுக்குறியை உண்டாக்க, புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்த மாற்றம் உள்ளவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், தசை தடிக்கும் நோய்க்கும் 25 எழுத்துக் குறைக்கும் தொடர்பே தென்படவில்லை!

டி.என்.ஏ. எழுத்து எழுத்தாகக் கைமாறுவதில்லை; நீண்ட துண்டுகளாகவே பிள்ளைகளுக்குப் போகிறது. பழைய குறை இருந்த துண்டு ஒன்றில், பின்னாளில் இந்த ஓர் எழுத்து மாற்றம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகு இரண்டும் சேர்ந்தே பயணம். நோயாளிகளிடம் தேடியவர்கள் கண்ணில் எண்ணிக்கையில் பெரிய பழைய குறை முதலில் பட்டது. 33,000 ஆண்டுப் புதிரும் இப்போது எளிதாகிவிடுகிறது: பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்யாத ஒன்று நீடிப்பதில் என்ன வியப்பு?

ஆகவே பரிசோதனை அறிக்கையில் ‘25 எழுத்து இல்லை’ என்று மட்டும் வந்தால், நோய் வரும் என்று யாரும் அதை வைத்தே சொல்லிவிட முடியாது. கூடவே வரும் அந்த ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.