வலிப்பு வரும் குழந்தையும் வீட்டுக் கைப்பேசியும்



குழந்தைக்கு வலிப்பு வந்தால் வீடே பதறிப் போகும். “சாவியைக் கையிலே குடுங்க, இரும்பைப் புடிக்க வைங்க” என்று நாலு பேர் சொல்வாங்க. இரும்பால் வலிப்பு நிற்காது. அந்த நேரத்தில் கணவனும் மனைவியும் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பக்கம் உடுப்பைத் தளர்த்துங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் தண்ணீரோ கரண்டியோ வேண்டாம்.

மற்றவர் கைப்பேசியில் நேரம் பார்த்து, முகமும் கைகால்களும் தெரியும்படி வீடியோ எடுங்கள். டாக்டரிடம் போகும்போது பெரும்பாலும் வலிப்பு நின்றிருக்கும். வீடியோவைப் பார்த்தால் அது எந்த வகை என்று அறிய அவருக்கு உதவும். தனியாக இருந்தால் குழந்தையை முதலில் கவனியுங்கள்.

முதல் தடவை வந்த வலிப்பா? 5 நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறதா? நினைவு திரும்புமுன் மறுபடி வருகிறதா? மூச்சுத் திணறுகிறதா? படம் எடுப்பதை விட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை.

மருந்து வேளைக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். “இப்பத்தான் வரலையே” என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு கடுமையாகத் திரும்பலாம்.

வீடியோவை டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள். ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். குழந்தைக்கும் மானம் உண்டு.