அப்டேட் ஆகும்போது கரண்ட் போனால்?

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை செல்போனிலேயே ஆன், ஆஃப் செய்ய வைஃபை ஸ்விட்ச் ஒன்று வைத்திருக்கிறோம். போன வாரம் அதன் ஆப்பில் ஒரு செய்தி: ‘புதிய ஃபர்ம்வேர் தயார். அப்டேட் முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.’ பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: “நடுவுல கரண்ட் போச்சுன்னா என்னடி ஆகும்? அப்புறம் மோட்டாரே ஓடாதா?”

நியாயமான கேள்வி. இந்தப் பயத்தில்தான் பலரும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று அந்தச் செய்தியைத் தள்ளிவிடுகிறோம். நானும் மூன்று மாதம் தள்ளியவள்தான்.

அந்த ஸ்விட்சுக்குள் மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் சின்ன சிப் ஒன்று இருக்கிறது. விலை குறைந்த வைஃபை கருவிகளில் பரவலாகப் பயன்படுவது, ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி32. அதனுடன் வரும் நினைவகம் பெரும்பாலும் 4 எம்பி. நம் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அவ்வளவு வந்துவிடும். வைஃபையில் சேர்வது, உங்கள் கட்டளையைக் கேட்பது, மோட்டாரைப் போடுவது என எல்லாவற்றுக்குமான நிரல் அதற்குள்தான் இருக்க வேண்டும். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர்; தமிழில் நிலைபொருள்.

இந்த நினைவகத்துக்கு ஒரு குணம் உண்டு. இருப்பதன் மேல் அப்படியே எழுத முடியாது. 4,096 பைட் கொண்ட கட்டம் கட்டமாக முதலில் அழிக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே அழித்து அதே இடத்தில் புதியதை எழுதும்போது கரண்ட் போனால், பாதி பழையது, பாதி புதியது என்று நின்றுவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் சிப்புக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ‘செங்கல் ஆயிடுச்சு’ என்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இதைத் தவிர்க்க நினைவகத்தில் நிரலுக்கு இரண்டு அறைகள் ஒதுக்குகிறார்கள். ஒன்றில் பழைய நிரல் வழக்கம்போல இருக்கும். வைஃபை வழியே வரும் புதியது இன்னோர் அறையில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்படும். முழுவதும் வந்து, சரிபார்ப்பில் தேறிய பிறகுதான், ‘இனி இரண்டாம் அறையிலிருந்து தொடங்கு’ என்ற குறிப்பு தனியே எழுதப்படும். இஎஸ்பி32-இல் அந்தக் குறிப்புக்கே இரண்டு இடங்கள். ஒன்றை எழுதும் நொடியில் கரண்ட் போனாலும் மற்றது இருக்கும். புது வீட்டில் பால் காய்ச்சும் வரை பழைய வீட்டைக் காலி செய்யாமல் இருப்போமே, அது மாதிரி.

அதோடு முடியவில்லை. புதிய நிரலை முதல் முறை சோதனையாக மட்டும் ஓடவிடலாம். வைஃபை கிடைக்கிறதா, சர்வருடன் பேச முடிகிறதா என்று பார்த்துவிட்டு, ‘எல்லாம் சரி’ என்று அதுவே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்வதற்குள் முடங்கி மறுபடி தொடங்கினால், சிப் தானாகப் பழைய நிரலுக்குத் திரும்பிவிடும். இதற்கு ரோல்பேக் என்று பெயர்.

ஆனால் தயாரிப்பாளர் இதையெல்லாம் செய்து வைத்திருந்தால்தான் உண்டு. 1 எம்பி மட்டுமே உள்ள பழைய கருவிகளில் இரண்டு அறைக்கு இடம் பத்தாமல் போகலாம். நம் கருவி எந்த ரகம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த எச்சரிக்கையை மதித்துவிடுவதே நல்லது.

கரண்ட் போகாமலேயே கெட்டுப்போன கதையும் உண்டு. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம், வேறொரு மாடலுக்கான ஃபர்ம்வேரைத் தவறுதலாக இன்னொரு மாடல் பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 ஸ்மார்ட் பூட்டுகள் முடங்கின. இணையம் வழியே சரிசெய்யவும் வழியில்லை. கழற்றி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சாவித் துவாரம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாமா? அதுவும் சரிப்படாது. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லோடு அப்படியே கிடந்த கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு ‘டைன்’ என்ற இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. சில கருவிகளில் கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. உரிமையாளர் வெளியே என்ன மாற்றினாலும் உள்ளே இருந்தது மாறவில்லை. அந்த மாதிரி ஓட்டையை ஃபர்ம்வேரை மாற்றித்தான் அடைக்க முடியும்.

எனவே அப்டேட் செய்யுங்கள், நேரம் பார்த்துச் செய்யுங்கள். மோட்டார் ஓடும்போது வேண்டாம். அப்டேட் முடிந்ததும் சிப் ஒருமுறை மறுபடி தொடங்கும், அப்போது மோட்டார் நின்றுவிடலாம். மின்தடை அறிவித்த நாளையும், இடி மழை நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். ரவுட்டரும் அணையக் கூடாது. ஒரே மாதிரி நாலு ஸ்விட்ச் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் அப்டேட் செய்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். நடுவில் நின்றுபோனாலும் பதற வேண்டாம். சிறிது நேரம் பொறுத்து ஆப்பில் பாருங்கள். கருவி பழையபடி வேலை செய்தால் பழைய நிரல் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். மறுபடி முயற்சி செய்யலாம்.

‘உங்கள் கேமராவை அப்டேட் செய்ய இங்கே தொடவும்’ என்று எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். கருவியின் சொந்த ஆப்பில் வருவதை மட்டும் நம்புங்கள். அப்படித் தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இணையதளத்தில் தீநிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எங்கள் வீட்டில் மேல்தொட்டி நிரம்பிய பிறகு, இரவு ஒன்பது மணிக்கு அப்டேட் போட்டோம். நாலு நிமிடத்தில் முடிந்தது. கையால் போடும் பழைய ஸ்விட்சை மட்டும் இன்னும் கழற்றவில்லை. அது அம்மாவின் நிபந்தனை.