கடல் கடக்கும் நாயும் காத்திருக்கும் காலமும்

வானுலகின் வாயிலை அடைந்த தருமபுத்திரர், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை வெளியே விட்டுத் தாம் மட்டும் உள்ளே செல்ல மறுத்தார் என்று மகாபாரதம் கூறுகின்றது. நம்பி வந்த உயிரைக் கைவிடலாகாது என்பது அவர் கொண்ட உறுதி. பிழைப்பை நாடியோ, பிள்ளைகளோடு சேர்ந்து வாழும் பொருட்டோ இலங்கையை விட்டு வேறு நாட்டிற் குடியேறப் புறப்படும் குடும்பங்களுக்கும் இதே சோதனை வருவதுண்டு. வீட்டை விற்கலாம், தளபாடங்களை உறவினருக்குக் கொடுக்கலாம். பல ஆண்டுகளாக வாயிற்படியில் படுத்துக் கிடந்து வீட்டைக் காத்த நாயை என் செய்வது?

உடன் கொண்டுசெல்வது இயலாத காரியமன்று. ஆயினும், விமானச் சீட்டு வாங்குவதுபோல ஒரு நாளில் முடிகின்ற காரியமுமன்று. ஊசி மருந்து, இரத்தப் பரிசோதனை, சான்றிதழ், நாட்கணக்கு என ஒன்றன்பின் ஒன்றாக விதிகள் எதிர்ப்படும். இவை யாவும் இரக்கமற்ற உத்தியோகத்தரின் கெடுபிடிகள் என்று சலித்துக்கொள்வோர் பலர். இவ்விதிகளுள் பெரும்பாலானவை ஒரு கொடிய நோயின் இயல்பை அளந்து வகுக்கப்பட்டவை. அவ்வியல்பை அறிந்துகொண்டால் விதிகளின் பொருள் தானே விளங்கும்.

அந்நோய், விசர்நாய்க்கடியால் உண்டாகும் நீர்வெறுப்பு நோயாகும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் இதனால் மாண்டுபோகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மனிதரை இந்நோய் பற்றும் நிகழ்ச்சிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினாலேயே நேர்கின்றன. நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. கடித்த இடத்திலிருந்து நோய்க்கிருமி நரம்பு வழியாக மெல்ல ஊர்ந்து மூளையைச் சென்றடைகின்றது. அவ்வாறு செல்வதற்குச் சில வாரங்களும் ஆகலாம்; பல மாதங்களும் ஆகலாம். இந்த இடைக்காலத்தையே நோயரும்பு காலம் என்பர். இக்காலத்தில் நாய் நன்றாக உண்ணும், வாலை ஆட்டும், குழந்தைகளோடு விளையாடும். கண்ணாற் பார்த்து அதனை நோயுற்றதென்று கூற எவராலும் இயலாது. மறைந்திருக்கும் நோயை வெளிப்படுத்த வல்லது காலம் ஒன்றே.

பிரித்தானியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அந்நாடு 1902ஆம் ஆண்டளவில் இந்நோயை முற்றாக ஒழித்தது. முதலாம் உலகப் போரின் இறுதியில், 1918இல், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த நாய்களால் நோய் மீண்டும் உட்புகுந்தது எனக் கருதப்படுகின்றது. அதனை மறுபடியும் ஒழிப்பதற்கு 1922 வரை சென்றது. நாயின்மீது கொண்ட அன்பே, முறை தவறிய காரணத்தால், ஊருக்குத் தீங்காய் முடிந்தது.

ஆதலின், வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை ஆறு மாத காலம் தனிமைக் கூடங்களில் அடைத்து வைக்கும் முறையைப் பிரித்தானியா நெடுங்காலம் கடைப்பிடித்தது. உரிமையாளர் வாரந்தோறும் சென்று கம்பிக்கு அப்பால் நிற்கும் தம் நாயைப் பார்த்து வருவார். முதிய நாய்கள் சில விடுதலை நாளைக் காணாமலே இறந்தன. அக்கட்டுப்பாடும் முழுக் காப்பு அளிக்கவில்லை. 1969ஆம் ஆண்டில், ஜேர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்டு ஆறு மாதத் தனிமையையும் முடித்து வெளிவந்த நாயொன்று, காம்பர்லி என்ற ஊரில் நோய்கண்டு வெறிகொண்டது.

2000ஆம் ஆண்டிலே இம்முறை மாறத் தொடங்கிற்று. தடுப்பூசியும் இரத்தப் பரிசோதனையும் செய்யப்பெற்ற நாய்கள், உரிய காத்திருப்பின் பின்னர், தனிமைக் கூடம் செல்லாமலே நுழைய வழி பிறந்தது. இம்மாற்றத்தின் உட்பொருளை உணர்தல் வேண்டும். காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை, அஃது இடம் மாறிற்று. முன்னர் அந்நிய நாட்டுக் கூண்டினுள் நாய் தனித்துக் கழித்த நாட்களை, இன்று பிறந்த வீட்டின் முற்றத்திலேயே கழிக்கலாம். ஆனால், உரிமையாளர் முன்கூட்டியே எண்ணிச் செயற்பட்டாலன்றி அச்சலுகை கிட்டாது.

இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்கு ஒரு நாயைக் கொண்டுசெல்லும் ஒழுங்கைப் பார்ப்போம். முதலில், மைக்ரோசிப் என்னும் அரிசிமணி அளவான பொருள் நாயின் தோலடியில் செலுத்தப்படும். அதனுள் பொதிந்த இலக்கமே அந்நாயின் மாறாத அடையாளம். அதன் பின்னரே நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி ஏற்றுதல் வேண்டும். அப்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரங்கள் நிறைந்திருத்தல் அவசியம். இவ்வொழுங்கு முன்பின்னாக மாறினால், எந்த நாய்க்கு ஊசி ஏற்றப்பட்டது என்பதற்கு உறுதி இல்லாமற்போம். அவ்வூசி கணக்கிற் கொள்ளப்படமாட்டாது.

ஊசி ஏற்றி 30 நாட்களேனும் கழிந்த பின்னர் இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் வேண்டும். உடலில் எதிர்ப்புச் சக்தி விளைவதற்கு விடப்படும் அவகாசமே அந்த 30 நாட்கள். ஒரு மில்லிலீற்றர் இரத்தப்பாயத்தில் அச்சக்தி 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அதன் மேலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் காத்திருத்தல் வேண்டும். பரிசோதனையில் தேறிய பின்னரும் ஏன் காத்திருப்பு என்று கேட்கலாம். ஊசி ஏற்றுவதற்கு முன்னரே நோய்க்கிருமி உடலிற் புகுந்திருந்தால், அது வெளிப்படுவதற்கு விடப்படும் காலம் அது. முன்னாளில் தனிமைக் கூடம் ஆற்றிய பணியை இன்று இந்த மூன்று மாதம் ஆற்றுகின்றது.

புறப்படும் நாள் நெருங்கியதும், பிரித்தானியாவை அடைவதற்கு 24 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 120 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் நாடாப்புழு மருந்து கொடுக்கப்பட வேண்டும். அரச மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். நாய் பயணஞ் செய்யும் நாளுக்கு முன்னோ பின்னோ 5 நாட்களுக்குள் உரிமையாளரும் பயணஞ் செய்தல் வேண்டும்; தவறினால் வியாபாரப் பொருளுக்குரிய விதிகளே பொருந்தும். இவற்றுள் ஒன்றிற் குறை காணப்பட்டாலும், நாய் நான்கு மாதம் வரை தனிமைக் கூடத்தில் வைக்கப்படலாம். திருப்பி அனுப்பப்படவும் கூடும். எனவே, பிழையின்றி நடந்தாலும் ஏறத்தாழ நான்கு மாதம் செல்லும். ஆறு மாதத்துக்கு முன்னரே தொடங்குதல் அறிவுடைமை.

எல்லா நாடுகளும் ஒரே வழியைக் கொள்வதில்லை. கனடா, உரிமையாளரோடு வரும் வீட்டு நாய்க்கு இத்துணைக் கடுமையான நிபந்தனைகளை விதிப்பதில்லை. ஆயினும், நோய் மிகுந்த நாடுகளிலிருந்து விற்பனை முதலிய நோக்கங்களுக்காக நாய் கொண்டுவருவதை 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தடைசெய்தது. நீர்வெறுப்பு நோய் இல்லாத அவுஸ்திரேலியாவோ மிகக் கண்டிப்பானது. இலங்கையிலிருந்து அங்கே ஒரு நாயை நேராகக் கொண்டுசெல்ல இயலாது. அந்நாடு ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் அது முதலில் பல மாதங்கள் தங்குதல் வேண்டும். பின்னர் மெல்பேண் நகருக்கு அண்மையில் மிக்கெல்ஹாம் என்னுமிடத்துள்ள அரசாங்கத் தனிமைக் கூடத்திலும் தங்கவேண்டும். சிலவகை நாய்களுக்கு எவ்வித அனுமதியும் இல்லை. பிரித்தானியாவிலும், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பிட்புல் ரெரியர் போன்ற வகைகள் விலக்கப்பட்டுள்ளன. ஆதலால், செல்லும் நாட்டின் அதிகாரபூர்வமான விதிகளை அவ்வப்போது கேட்டறிதல் இன்றியமையாதது.

விதிகள் நிறைவேறிய பின்னரும் பயணத்தின் துன்பம் எஞ்சியுள்ளது. நாய் எழுந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் கூண்டில் இடமிருத்தல் வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து விதி. கூண்டைப் புறப்படும் நாளில் முதன்முறையாகக் காட்டுவது பெருந்தவறு. சில வாரங்கள் முன்னரே அதனைத் திண்ணையில் வைத்து, பழகிய சாக்கையோ போர்வையையோ உள்ளே விரித்து, உணவையும் அதனுள்ளே கொடுத்துவந்தால், நாய் அதனைத் தன் இருப்பிடமாகக் கொள்ளும். மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாம் எனப் பலர் நினைக்கின்றனர். அம்மருந்து சுவாசத்தையும் இரத்த அழுத்தத்தையும் தளர்த்தக்கூடும்; ஆதலின் மிருக வைத்தியர்கள் அதனைப் பொதுவாக ஆதரிப்பதில்லை. பக், புல்டோக் முதலிய குறுமூக்கு நாய்களுக்கு மூச்சுத்திணறும் அபாயம் மிகுதி. அவற்றை ஏற்றிச்செல்ல மறுக்கும் விமான நிறுவனங்களும் உள.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து பார்த்தபின், சில நாய்களைக் கொண்டுசெல்லாதிருப்பதே கருணை என்பது புலப்படும். முதுமையுற்ற நாய், இதய நோயுள்ள நாய், வெப்பநாட்டு வெளியில் ஓடித் திரிந்து பழகி மாடிவீட்டு அறையொன்றில் அடைபடப்போகும் நாய் ஆகியவற்றுக்குப் பழகிய மண்ணில் ஓர் அன்பான வீடு தேடிக்கொடுப்பது கைவிடுதலாகாது. ஆனால், அதற்கும் காலம் வேண்டும். புதிய வீட்டாரோடு நாய் பழகுவதற்குச் சில வாரங்களேனும் தேவை. கடைசி வாரத்தில் அயலவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுச் செல்வதும், பூட்டிய படலைக்கு வெளியே விட்டுச் செல்வதும் வேறு செயல்கள். அவ்வாறு விடப்பட்ட நாய் நாட்கணக்கில் படலையடியிற் காத்துக்கிடந்து, பின்னர் தெருநாயாகி, ஊசியின்றி, உணவின்றி, நீர்வெறுப்பு நோய்க்கே இரையாகவும் கூடும்.

கொண்டுசெல்வதாயினும், நல்ல கையில் ஒப்படைப்பதாயினும், நாய்க்கு வேண்டுவது காலமே. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் எழுதும் நாளிலேயே மிருக வைத்தியரையும் கண்டு ஆலோசிக்கும் குடும்பத்துக்கு இரு வழிகளும் திறந்திருக்கும். விமானச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாயைப் பற்றி நினைக்கும் குடும்பத்துக்கோ இரண்டும் அடைபட்டுவிடும். பயணம் என்றால் யாதென நாய் அறியாது; நாட்களை எண்ணவும் அறியாது. அதற்காக நாட்களை எண்ணவேண்டியவர், அதனை வளர்த்தவரே.