தலைக்கு மேல் ஒரு படி

பென்சில் செய்ய உதவும் காரீயம், கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளுக்குள் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கிறது. கஹட்டகஹச் சுரங்கத்தின் ஆழம் 600 மீற்றருக்கும் அதிகம்.

இத்தகைய கனியத்தைப் படிப்படியாகவே வெட்டுவர். மேலிருந்து கீழே வெட்டினால் தொழிலாளி கனியத்தின் மீதே நிற்பார். ஆனால் வெட்டியதையெல்லாம் மேலே தூக்க வேண்டும், நீரும் காலடியில் தேங்கும். கீழிருந்து மேலே வெட்டினால் கனியம் தானாகவே விழும். புவியீர்ப்பு கூலி கேட்பதில்லை! வெற்றிடத்தைக் கழிவுக்கல்லால் நிரப்பி, அதன்மேல் நின்று அடுத்த படியை வெட்டுவர்.

எனினும் வெடியால் தளர்ந்த கூரை எப்போதும் தலைக்கு மேலேதான். ஆகவே வேலை தொடங்குமுன் நீண்ட இரும்புக்கோலால் கூரையைத் தட்டிப் பார்ப்பர். கணீரென்றால் உறுதி. பொத்தென்று ஒலித்தால் முதலில் அந்தக் கல்லை நெம்பி வீழ்த்த வேண்டும்.