வேலை தேடுவதும் ஒரு கல்வியே

ஒரு தொழிலைக் கற்பது வேறு. கற்ற தொழிலுக்கேற்ற வேலையைத் தேடிப் பெறுவது வேறு. முன்னதற்குப் பள்ளிகள், கல்லூரிகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவை உள்ளன. பின்னதைப் பெரும்பாலோர் ஆசானின்றித் தாமே தட்டுத் தடுமாறிக் கற்க வேண்டியிருக்கிறது. இதில் தோல்வியுறுவோர், தமது கல்வியே பயனற்றது என்றும், தாமே திறமையற்றவர் என்றும் எண்ணி மனம் தளர்கின்றனர். ஆனால் வேலை தேடுவது, முறையாகப் பயின்றால் எவரும் அடையத்தக்க ஒரு திறமையே என்பதைச் சென்ற அரை நூற்றாண்டில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டியுள்ளன.

முற்காலத்தில் இத்திறமைக்கு அவ்வளவாகத் தேவை இருக்கவில்லை. தந்தை செய்த தொழிலை மகன் ஏற்றான். கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளில் மிளகையும் இஞ்சியையும் தரம் பிரிக்கும் கைப்பழக்கம் வேலை செய்யும் இடத்திலேயே கற்கப்பட்டது. அதன் அருகே கோட்டைக் கொச்சியின் வேளி என்னுமிடத்தில் இன்றும் சலவைத் துறை ஒன்றை நடத்திவரும் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்டனர் என்று கூறுவர். இத்தகைய சமுதாயத்தில் வேலை மனிதனைத் தேடி வந்தது எனலாம். இன்றோ மனிதன் வேலையைத் தேடிச் செல்ல வேண்டும்; தன்னை முன்பின் அறியாதவரிடம் தன் தகுதியை எடுத்துரைக்கவும் வேண்டும்.

கல்வி பரவிய இடத்தில் இத்தேவை மிகுதியாகிறது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கேரள மாநிலத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 94 பேர். ஆயினும், 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை நடைபெற்ற தேசிய உழைப்பாளர் ஆய்வில், அம்மாநிலத்தின் 15 முதல் 29 வயதுக்குட்பட்ட உழைப்பாளரிடையே வேலையின்மை நூற்றுக்கு 29.9 ஆகக் காணப்பட்டது. அதே காலத்தில் நாடு முழுவதற்குமான சராசரி 10.2 ஆகும். இளம் பெண்களிடையே இது 47.1 ஐ எட்டியது. படித்தவர்கள் தம் படிப்பிற்கேற்ற வேலைக்காகக் காத்திருப்பது இதற்குரிய காரணங்களுள் ஒன்று. காத்திருக்கும் அந்த மாதங்களில் அவர்கள் உள்ளத்தில் நிகழ்வதென்ன என்பது ஆராயத்தக்கது.

காத்திருத்தலின் தீங்கு

இதனை முதன்முதலில் நுணுகி ஆராய்ந்தவர்களுள் ஆஸ்திரிய நாட்டு அறிஞர்களான மேரி யகோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய மூவரும் குறிப்பிடத்தக்கவர்கள். வியன்னா நகருக்கு அருகிலுள்ள மரியென்தால் என்னும் சிற்றூர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929-30 இல் ஆலை மூடப்பட்டது. வேலையிழந்த தொழிலாளரிடம் பொழுது ஏராளமாக இருந்ததால், அவர்கள் அதிகமாகப் படிப்பர் என எவரும் எதிர்பார்த்திருக்கலாம். நூலகக் கட்டணமுங்கூட நீக்கப்பட்டது. எனினும் இரவல் சென்ற நூல்களின் எண்ணிக்கை பெரிதும் வீழ்ச்சியுற்றது. தெருவில் செல்லும் ஆடவரின் நடையும் தளர்ந்து, அவர்கள் காரணமின்றி அடிக்கடி நின்று நின்று சென்றதை ஆராய்ச்சியாளர் கடிகாரத்தைக் கையில் கொண்டு கணக்கிட்டனர். வீட்டுப் பணிகள் குறையாதிருந்த பெண்களோ விரைந்தே நடந்தனர்.

1933 இல் வெளியான இந்த ஆராய்ச்சியிலிருந்து விளங்குவது யாது? வேலை கூலியைத் தருவதோடு நில்லாது, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், பிறரோடு தொடர்பையும், தன்மதிப்பையும் தருகிறது. அது நீங்கும்போது, மீண்டும் வேலை தேடுவதற்கு வேண்டிய ஊக்கமும் உடன் நீங்கிவிடுகிறது. ஆகவே வேலை தேடுவோர்க்கு உதவி புரியும் எத்திட்டமும் இழந்த ஊக்கத்தை மீட்பதில் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை பிறக்கும் நான்கு வழிகள்

"தைரியமாக இரு" என்று சொல்வதால் ஒருவருக்குத் தைரியம் வந்துவிடுவதில்லை. அமெரிக்க உளநூல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977 இல், ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உண்டாகிறது என்று விளக்கினார். முதலாவதும் மிக வலியதும், அச்செயலைச் சிறு அளவிலேனும் தானே செய்து வெற்றி கண்ட அனுபவம். இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைக் கண்ணாற் காண்பது. மூன்றாவது, மதிப்பிற்குரியோர் கூறும் ஊக்க மொழி. நான்காவது, படபடப்பு, களைப்பு போன்ற உடல்நிலைக் குறிகளை ஒருவர் எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பது. நேர்முகத் தேர்வுக்கு முன் நெஞ்சு படபடப்பதைத் தோல்வியின் அறிகுறியாகக் கொள்பவர் தளர்கிறார். எவர்க்கும் இயல்பானதே எனக் கொள்பவர் சமாளித்துக்கொள்கிறார்.

திருப்பூணித்துறை வரை ஓடும் ரயில்

மேற்கூறிய கருத்துக்கள் நடைமுறையில் எவ்வாறு பயனளிக்கின்றன என்பதற்குக் கொச்சி மெட்ரோ ரயில் நல்லதோர் எடுத்துக்காட்டு. 2017 ஜூன் 17 அன்று ஆலுவாவுக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையே தொடங்கிவைக்கப்பட்ட இந்தப் பாதை, படிப்படியாக நீண்டு 2024 மார்ச் 6 அன்று திருப்பூணித்துறையை எட்டியது. முன்னாள் கொச்சி அரச குடும்பத்தாரின் இருப்பிடமாகவும், 1865 இல் எழுந்த மலை அரண்மனையைக் கொண்டதாகவும் விளங்கும் அவ்வூர், இப்போது 25 நிலையங்களையும் சுமார் 28 கிலோ மீட்டர் நீளத்தையும் கொண்ட பாதையின் தெற்கு முனையாகும்.

இந்த ரயில்வேயின் நிர்வாகத்தினர், பயணச் சீட்டு வழங்குதல், பயணிகளுக்கு வழிகாட்டுதல், நிலையத் துப்புரவு முதலான பணிகளைக் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் அமைப்பிடம் ஒப்படைத்தனர். 1998 இல் கேரள அரசினரால் வறுமை ஒழிப்புக்காகத் தொடங்கப்பெற்ற இவ்வமைப்பின் அடிப்படை, அயல்கூட்டம் எனப்படும் சிறு குழுவாகும். பத்து முதல் இருபது வீடுகளைச் சேர்ந்த பெண்கள் வாரந்தோறும் கூடிச் சிறு தொகைகளைச் சேமித்து, தம்முள் கடன் வழங்கிக்கொள்வர். நூற்றுக்கணக்கான பெண்கள் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்தப்பெற்று, பயிற்சிக்குப் பின் நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். பள்ளி இறுதி வகுப்புத் தேறியவரும் பட்டதாரிகளும் அவர்களுள் இருந்தனர்.

குழுவின் கணக்கை எழுதிய பெண், கூட்டத்தில் எழுந்து பேசிய பெண், வங்கிக்குச் சென்று படிவம் நிரப்பிய பெண் ஆகியோர், வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே சிறு வெற்றிகளைக் கண்டவர்கள். இது பண்டூரா கூறிய முதல் வழியாகும். பக்கத்து வீட்டுப் பெண் சீருடை அணிந்து நிலையத்திற்குச் செல்வதைக் காணும் பெண்ணுக்கு இரண்டாம் வழி திறக்கிறது. வீட்டிலிருந்து நேரே தேர்வு அறைக்குள் நுழைபவருக்கு இவ்விரண்டும் கிட்டுவதில்லை.

தேடும் முறை

நம்பிக்கையுடன் முறையும் வேண்டும். 1975 இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நேதன் அஸ்ரின் என்பவரும் அவர் துணைவரும் "வேலை தேடுவோர் சங்கம்" ஒன்றை அமைத்துப் பரிசோதனை நடத்தினர். உறுப்பினர் நாள்தோறும் ஓரிடத்தில் கூடினர். வேலை தேடுவதையே முழுநேர வேலையாகக் கொண்டனர். இருவர் இருவராகச் சேர்ந்து விண்ணப்பங்களைத் திருத்திக்கொண்டனர். ஒருவர் முதலாளியாகவும் மற்றவர் விண்ணப்பதாரராகவும் நடித்து நேர்முகத் தேர்வைப் பழகினர். இரண்டு மாதங்களில் அவர்களுள் நூற்றுக்கு 90 பேர் வேலை பெற்றனர். இவ்வுதவி பெறாத குழுவினரில் நூற்றுக்கு 55 பேரே வேலை பெற்றிருந்தனர்.

திட்டமிடுதலின் பயனைத் தென் ஆப்பிரிக்காவில் நடைபெற்று 2019 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டுகிறது. எந்த நாளில் எத்தனை விண்ணப்பம், எங்கு, எவ்வழியில் என்பதை எழுதிவைத்துக்கொண்ட இளைஞர்கள், மற்றவரைக் காட்டிலும் அதிக நேரம் செலவிடவில்லை. எனினும் நூற்றுக்கு 15 என்ற வீதத்தில் மிகுதியாக விண்ணப்பித்தனர். அவர்களுக்குக் கிடைத்த வேலை அழைப்புகள் நூற்றுக்கு 30 என்ற வீதத்தில் உயர்ந்தன.

பல நாடுகளில் நடைபெற்ற 47 பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2014 இல் வெளியிடப்பட்ட முடிவு இவை யாவற்றிற்கும் சிகரமாக அமைகிறது. தேடும் திறமையைக் கற்பிப்பது, ஊக்கத்தை வளர்ப்பது ஆகிய இரண்டும் சேர்ந்திருந்த பயிற்சிகளே பயனளித்தன. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாதவை பயன் தரவில்லை. வண்டிக்கு இரு சக்கரமும் வேண்டும் என்பது இங்கும் பொருந்துகிறது.

அறிமுகத்தின் வலிமை

வேலை பற்றிய செய்தி எங்கிருந்து வருகிறது? அமெரிக்க சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் வேலை மாறிய ஆடவரை வினவியபோது, பாதிக்கு மேற்பட்டோர் தமக்குத் தெரிந்தவர் வாயிலாகவே வேலை பெற்றதாகக் கூறினர். அத்தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நெருங்கிய நண்பர் அல்லர். எப்போதாவது சந்திக்கும் பழக்கமுடையவர்கள். நெருங்கியோர் அறிந்ததை நாமும் அறிந்திருப்போம். தொலைவில் உள்ளவரே நாம் அறியாத செய்தியை அறிந்திருப்பர் என்று அவர் 1973 இல் இதற்குக் காரணம் கூறினார். ஆகவே பழைய ஆசிரியர், முன்னர் உடன் பயின்றவர், வேற்றூரில் பணிபுரியும் அயலார் ஆகியோரிடம் தன் தகுதியையும் விருப்பத்தையும் தெரிவித்துவைப்பது சிபாரிசு கேட்பதாகாது. செய்தி கேட்பதேயாகும்.

வேலை பெற்றபின் எழும் இடர்

வேலை கிடைப்பதுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் கொச்சி மெட்ரோவின் அனுபவம் உணர்த்துகிறது. 2017 இல் அந்நிறுவனம் மூன்றாம் பாலினத்தவர் 23 பேருக்குப் பணி வழங்க முன்வந்தது நாடெங்கும் பாராட்டப்பட்டது. தேர்வுகளில் தேறி, பயிற்சி பெற்று, அவர்கள் பணியேற்றனர். ஆயினும் சில வாரங்களுக்குள்ளாகவே அவர்களுள் சிலர் விலகினர். அவர்களிடம் திறமைக் குறைவு இருக்கவில்லை. நகரில் அவர்களுக்கு வாடகைக்கு இடந்தர வீட்டுக்காரர் பலர் மறுத்தனர். இடம் கிடைத்தாலும் வாடகை ஊதியத்தை விழுங்கியது. மறுநாள் காலைப் பணிக்கு வரவேண்டியவர் இரவு தங்க இடமின்றி இருப்பாராயின், எவ்வளவு நம்பிக்கையும் நீடித்து நிற்காது. ஊக்கமும் பயிற்சியும் தனி மனிதரிடம் வளர்க்கத்தக்கவை. உறைவிடமும் மரியாதையும் சமுதாயம் அளிக்க வேண்டியவை.

மற்றோர் எல்லையும் உண்டு. பிரான்ஸ் நாட்டின் 235 ஊர்ப் பகுதிகளில் நடத்தப்பெற்று 2013 இல் வெளியான பரிசோதனையில், வேலை தேட உதவி பெற்ற படித்த இளைஞர்கள் விரைவில் நிலையான வேலை பெற்றனர். ஆனால் அதில் ஒரு பகுதி, உதவி பெறாத பிற இளைஞருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேலையே எனத் தெரிந்தது. தேடும் பயிற்சி வேலைகளை உற்பத்தி செய்வதில்லை. ஆகவே புதிய தொழில்கள் பெருகுவதும் இதனுடன் இணைந்து நடைபெற வேண்டும்.

பயன்படுத்தத்தக்க வசதிகள்

நமது நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945 இல், உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரருக்காகத் தொடங்கப்பெற்று, 1948 முதல் எல்லோர்க்கும் உரியனவாயின. 2015 முதல் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையத்தின் வழியாகவும் பதிவு, தொழில் ஆலோசனை ஆகியவற்றை அளித்துவருகிறது. 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், உதவித்தொகையுடன் தொழிற்சாலையிலேயே பயிற்சி பெறலாம். 1972 இல் நிறுவப்பெற்று, விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டி 2022 இல் கடற்படையிடம் ஒப்படைத்த கொச்சிக் கப்பல் தளம், இத்தகைய பழகுநரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களுள் ஒன்று. பதிவு செய்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பதைவிட, பழகுநராகச் சேர்ந்து ஓராண்டு உழைப்பது கைத்திறமையையும் நம்பிக்கையையும் ஒருங்கே வளர்க்கும்.

வேலை தேடும் இளைஞர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுந்து, குறித்த நேரம் தேடுதலுக்கு ஒதுக்குக. வாரத் திட்டத்தை எழுதிவைத்து, அனுப்பிய விண்ணப்பங்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்க. ஒரே விண்ணப்பத்தை எல்லா இடத்திற்கும் அனுப்பாது, அந்தந்தப் பணிக்கு வேண்டிய தகுதியை முன்னிறுத்தி எழுதுக. தம்மைப் போன்று வேலை தேடும் மூவர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, நேர்முகத் தேர்வை ஒருவர்க்கொருவர் நடத்திப் பழகுக. மறுப்புக் கடிதம் வரும் என்பதை முன்னரே எதிர்பார்த்து, வந்தால் அடுத்துச் செய்வது யாது என்பதையும் முன்னரே தீர்மானித்துக்கொள்க.

சிற்றூரின் படிப்பகமோ, பள்ளிக் கட்டடமோ, மகளிர் சங்கத்தின் கூடமோ இத்தகைய குழு கூடுவதற்குப் போதுமானது. இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு நாற்காலியும் மேசையும், அன்றைய செய்தித்தாளும், பொறுமையுடன் திருத்திச் சொல்லும் ஓர் ஆசிரியரும் இருந்தால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.