புகை மணத்தை எந்தச் செறிவில் முகர்வது?

புகையும் மசாலாவும் கமழும் வாசனைக் கலவையைச் செறிந்த எண்ணெயாகவே முகர்ந்து தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. ஆல்கஹாலில் எவ்வளவு நீர்த்து விற்கப்போகிறார்களோ அந்த அளவில் முகர்ந்தால்தான் அதன் குணம் பிடிபடும். இத்தகைய கலவைகளில் புகைக்கு பிர்ச் மரத் தாரோ குவாயக்காலோ சேரும். காரத்துக்குக் கிராம்பின் யூஜெனால். இரண்டும் பங்காளிகள். விறகின் லிக்னின் கருகும்போது பிறக்கும் குவாயக்கால் மூலக்கூறில், மூன்று கார்பன் கொண்ட அல்லைல் தொகுதி ஒன்று ஒட்டியிருந்தால் அதுவே யூஜெனால். ஆனாலும் நீர்க்கும்போது பங்காளிகள் ஒரே அளவில் மங்குவார்கள் என்று நம்பிவிட முடியாது.

சேர்மான விகிதம் மாறாதபோது மணம் மட்டும் எப்படி மாறும்? நியாயமான கேள்விதான். குப்பிக்குள் எதுவும் மாறவில்லை; மூக்கின் கணக்கு வேறு. ஸ்டீவன்ஸ் விதிப்படி, நாம் உணரும் வலிமை செறிவின் ஓர் அடுக்காக உயர்கிறது. மணங்களுக்கு அந்த அடுக்கு பெரும்பாலும் 1-க்குக் கீழே, பொருளுக்குப் பொருள் வேறாக இருக்கும். ஒன்றுக்கு 0.3, மற்றதற்கு 0.6 என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு நீர்த்தால் முன்னது பாதியாகும், பின்னது கால்வாசியாகச் சரியும். சமமாக இருந்த இரண்டில் ஒன்று இப்போது இருமடங்கு ஓங்கி நிற்கும். வலிமை மட்டுமல்ல, தன்மையும் மாறலாம். மனித மூக்கில் சுமார் 400 வகை ஏற்பிகள் உள்ளன. செறிவு ஏறினால் அந்த மூலக்கூறை லேசாக மட்டுமே பற்றும் ஏற்பிகளும் விழித்துக்கொள்கின்றன. செறிவில் அந்துருண்டை நெடியடிக்கும் இண்டோல், நன்றாக நீர்த்தால் மல்லிகையாவது தெரிந்த கதை. யூஜெனால் முகத்தின் தொடுவுணர்வு நரம்பையும் சீண்டும். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் ஈறு முதலில் சுள்ளென்று எரிந்து பிறகு மரத்துப்போவது இதனால்தான். செறிந்த எண்ணெயில் காரம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு மணமே அல்ல, எரிச்சல்.

தோலில் பட்டதும் ஆல்கஹால் பறந்து மீண்டும் எண்ணெய்தானே மிஞ்சுகிறது என்பது இன்னொரு மறுப்பு. பாதி சரி. மிஞ்சுவது மெல்லிய படலம். அடுத்த நாற்காலியில் இருப்பவரை எட்டுவதற்குள் காற்றும் தன் பங்குக்கு நீர்த்துவிடும். ஆகவே நீர்த்த கலவையில் தோய்த்த காகிதப் பட்டையை மூக்கருகே ஒருமுறை, கையை நீட்டி ஒருமுறை முகர வேண்டும். சில மணி நேரம் கழித்தும் பார்ப்பது அவசியம்: குவாயக்காலின் கொதிநிலை சுமார் 205 பாகை செல்சியஸ், யூஜெனாலுடையது 254, புகை முந்திக் கிளம்ப, கிராம்பு தங்கும். தார் சேர்த்திருந்தால் கதை வேறு, அதன் கனமான கூறுகள் எளிதில் போகாது. யூஜெனால் சிலர் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதால், சர்வதேச நறுமணப் பொருள் சங்கமான இஃப்ரா அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பும் கடைக்கு வரும் பொருளில் உள்ள சதவீதத்துக்குத்தான், செறிந்த எண்ணெய்க்கு அல்ல.